திருவட்டாறு வீட்டின் சாய்ப்பு: எறியாமல் வைத்த பொருள்களுக்கு என்ன ஆயிற்று

என் அம்மா வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கத்தில். அறுபது சென்ட் விளை (தோட்டம்). அதில் பாதி ரப்பர், பத்துப் பன்னிரண்டு மூடு தென்னை, இரண்டு பலா, வேலியோரம் கமுகு. முன்பக்கம் கான்கிரீட் வீடு. பின்னால் பழைய ஓட்டு அடுக்களையை இடிக்காமல் விட்டிருக்கிறோம். அதை ஒட்டி ஒரு சாய்ப்பு, அதாவது சுவரோடு சேர்த்துச் சாய்வாக ஓடு போட்ட ஒதுக்கிடம். அம்மா, அண்ணன், மைனி (அண்ணி), அவர்களுடைய பையன் என்று நான்கு பேர் இருக்கிற வீடு. நான் நாகர்கோவிலில் ஆசிரியையாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன்.

இந்த ஆய்வு அந்தச் சாய்ப்பைப் பற்றியது. 2023 ஜூலையில் அதில் என்ன கண்டோம், அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது பற்றி நாம் படிக்கிற குறிப்புகளில் குப்பியை வெட்டிப் பூந்தொட்டி செய்யலாம், உரச்சாக்கில் இஞ்சி நடலாம் என்றெல்லாம் இருக்கும். நல்ல யோசனைகள்தான். ஆனால் இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அந்தக் குப்பியும் சாக்கும் என்ன நிலையில் இருக்கின்றன என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது.

காய்ச்சல்

அண்ணன் மகன் ஏழாம் வகுப்பு. ஜூலை முதல் வாரம் காய்ச்சல் தொடங்கி, மூன்றாம் நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. தட்டணு இறங்கி, பிறகு ஏறி, பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தப் பத்து நாளில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொசுப்புழு ஒழிக்கிற வேலைக்கு வரும் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கரண்டி. முன்வாசலில் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் கழற்றிப் பார்த்தார், அதில் இருந்தது. அப்புறம் நேராகச் சாய்ப்புக்குப் போனார். ஓடு ஒன்று விலகி மழை ஒழுகிய இடத்தில் இரண்டு பெயிண்ட் வாளி, ஒரு டயர், பத்துப் பதினைந்து சிரட்டை (கொட்டாங்குச்சி). வாளியில் டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. மைனி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டப் போனபோது அந்த அக்கா தடுத்தார். "கொட்டினா மட்டும் போதாது அண்ணே. உள்பக்கம் நல்லா ஒரச்சுக் கழுவணும். முட்டை சுவத்துலதான் ஒட்டியிருக்கும்" என்றார். அது உண்மை. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் சாகாமல் கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

பையனைக் கடித்த கொசு இந்தச் சாய்ப்பில்தான் பிறந்தது என்று நிரூபிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், பக்கத்து ரப்பர் விளையில் பால் வெட்டாமல் மல்லாந்து கிடந்த சிரட்டையிலிருந்தும் வந்திருக்கலாம். இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் நம் சாய்ப்பை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேட எனக்கு மனம் வரவில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழையும் உண்டு. மல்லாந்து கிடக்கிற ஒரு சிரட்டையில் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிற ஊர் இது.

மூன்று ஞாயிறு

ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை சாய்ப்பைக் காலி செய்தோம். பொருள்களை முற்றத்தில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினோம். அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விட்டார்.

குடிநீர்க் குப்பி, எண்ணெய்க் குப்பி, கூல்டிரிங்க்ஸ் குப்பி என்று மூன்று சாக்கு. பெயிண்ட் வாளி ஒன்பது. உரச்சாக்கு ஒரு கட்டு. ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய் டப்பா, ஹோட்டல் குழம்பு வந்த கறுப்பு டப்பா. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. பழைய மிக்ஸி, எரியாத பல்புகள், அப்பா வைத்திருந்த ரேடியோ. துணிமூட்டை நான்கு. மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன அட்டைப்பெட்டிகள். மஞ்சப்பை, கட்டப்பை எல்லாம் ஒரு பெரிய பைக்குள் திணித்து வைத்திருந்தது. கீறல் விழுந்த மெலமைன் தட்டுகள். மருந்து அடிக்கிற பழைய டின் ஒன்று.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அண்ணன் கேட்டதற்கு அம்மா, "கெடக்கட்டு மக்களே. ஒண்ணுக்கு இல்லேங்கி ஒண்ணுக்கு ஒதவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவர் வாழ்க்கை முழுவதும் அது உண்மையாக இருந்திருக்கிறது. அம்மா பிறந்த வீட்டில் சிரட்டை கரியாகும், அகப்பையாகும், ரப்பர் மூட்டில் பால் வாங்கும், புட்டு அவிக்கவும் ஆகும். கதம்பை (தேங்காய் மட்டை) அடுப்புக்கும் போகும், தென்னைமூட்டுக்கும் போகும். ஓலை கூரையாக இரண்டு வருடம் இருந்து, பிறகு அடுப்பில் சாம்பலாகி, சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போய், மிச்சம் தென்னைக்கு உரமாகும். அந்தப் பொருள்களை எடுத்து வைத்தால் கெட்டுப்போகாது. மறந்துவிட்டால்கூட மட்கி மண்ணாகிவிடும். வைப்பதற்கு ஒரு முடிவு தானாகவே இருந்தது. அதே கையால் அம்மா பெயிண்ட் வாளியையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்து வைத்தார். அவற்றுக்கு அந்த முடிவு இல்லை. மூன்று சாக்குக் குப்பி சேர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று அந்த முற்றத்தில் இருக்கும்போது எனக்குப் புரிந்தது.

சீலை போகிற வழி

துணிமூட்டையைப் பிரித்தபோதுதான் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அம்மாவின் நூல்சீலை ஒன்று போகிற வழி இப்படி: முதலில் விசேஷத்துக்கு, பிறகு வீட்டில் உடுத்த. நிறம் போனால் பிள்ளைக்குத் தொட்டில். தொட்டில் நைந்தால் கிழித்துப் பிள்ளைத் துணி. அதுவும் போனால் அடுப்படியில் கரித்துணி, தரை துடைக்கிற துணி. கடைசியில் நல்ல நூலாக மிஞ்சின ஓரத்தைத் திரித்து விளக்குத் திரி. அப்பாவின் வேட்டியும் சாரமும் (லுங்கி) இதே வழிதான். எங்கள் இரண்டு பேரையும் ஆட்டிய தொட்டில் சீலையின் ஒரு துண்டு, ஒரு சாண் அகலம், அந்த மூட்டையில் இருந்தது. மஞ்சளில் சிவப்புக் கரை. கையில் எடுத்தால் பழைய காகிதம் மாதிரி மெல்லிசாக, ஆனால் இன்னும் பஞ்சு போல மிருதுவாக.

மற்ற மூன்று மூட்டையிலும் இருந்தது நைட்டி, சிந்தெடிக் சீலை, பையனின் விளையாட்டுச் சட்டை. அம்மா அவற்றையும் துடைக்க ஆகும் என்றுதான் வைத்திருந்தார். மைனி ஒரு தம்ளர் தண்ணீரைத் திண்ணையில் ஊற்றி ஒரு சட்டையால் துடைத்துக் காட்டினார். தண்ணீர் துணியில் ஏறாமல் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய சாரத்துண்டு ஒன்றைப் போட்டதும் நின்றது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஆக பாலியஸ்டர் உடை இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறது. தொட்டிலுக்கு ஆகாது, பிள்ளைத் துணிக்கு ஆகாது, திரிக்கும் ஆகாது.

கரித்துணியாக்கினால் ஆபத்தும் உண்டு. மைனி அதற்கு முந்தின வருடம் பழைய நைட்டித் துண்டை மடித்துப் பிடித்துப் புட்டுப்பானையை இறக்கியிருக்கிறார். துணியின் நுனி அடுப்பில் பட்டு உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. பருத்தி கருகிச் சாம்பலாகும். இது மெழுகு போல உருகித் தோலோடு சேர்ந்துவிடும், இழுத்தால் தோலும் வரும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அடுப்படியில் நூல்துணி மட்டும்தான்.

நல்ல நிலையில் இருந்த பாலியஸ்டர் உடைகளைத் துவைத்து, பொத்தான் தைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். கிழிந்தவற்றில் சிலதைத் தலையணைக்குள் திணித்தோம். ஒரு மூட்டை மிஞ்சியது. அதற்கு இன்றுவரை நல்ல வழி கிடைக்கவில்லை. எங்கள் வீடு இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வாங்குகிற நேரத்தைப் பற்றியது: வீட்டில் உடுத்துகிற நைட்டியை நூல்துணியில் மட்டும் வாங்குவது. விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அது உடுத்தி முடிந்த பிறகும் பல வருடம் வேலை செய்யும்.

ஒரு விரல் அளவு தண்ணீர்

குப்பிச் சாக்குகளைக் கொட்டிப் பிரிக்கும்போது ஒன்றில் அடியில் ஒரு விரல் அளவு தெளிவான திரவம் இருந்தது. ஒரு லிட்டர் குடிநீர்க் குப்பி. லேபிள் பாதி கிழிந்திருந்தது, ஆனாலும் குடிநீர் என்கிற எழுத்து தெரிந்தது. பையன் கையில் எடுத்து மூடியைத் திருகத் தொடங்கிவிட்டான். அண்ணன் ஓடி வந்து பிடுங்கினார்.

பார்மிக் ஆசிட். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான். கேனில் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குவதற்கு வசதியாகக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொள்வது வழக்கம். பார்த்தால் தண்ணீர்தான். ஒரு மடக்கு உள்ளே போனால் வாயும் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரப்பர் உள்ள ஊர்களில் இப்படித் தெரியாமல் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. டெங்குவிலிருந்து எழுந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளை. நாங்கள் எடுத்த முடிவுகளில் எந்த விதிவிலக்கும் இல்லாதது இது ஒன்றுதான்: குடிக்கிற பொருள் வந்த குப்பியில் ஆசிட், மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து எதையும் ஊற்றுவதில்லை. மறுபயன்பாடு என்கிற பெயரிலும் இல்லை, ஐந்து நிமிடத்துக்கும் இல்லை. மிச்சமிருந்த ஆசிட்டை அண்ணன் அடுத்த ஷீட்டுக்குப் பயன்படுத்தித் தீர்த்தார். கேன் இப்போது ரோலர் கிடக்கிற அறையில், பூட்டுக்குள்.

பூச்சிமருந்து டின்னை அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தார். அதை ஆணியால் நாலைந்து இடத்தில் துளைத்தோம், இனி யாரும் எதற்கும் எடுக்கக் கூடாது என்பதற்காக. பெயிண்ட் வாளிகளில் அரிசியும் குடிநீரும் வைக்கிற வழக்கத்தையும் நிறுத்தினோம். சாணம் சுமக்க, சிமெண்ட் குழைக்க, இலைதழை மட்கவைக்க அவை போதும்.

ஆக்கர் கடையில் கற்றது

மிஞ்சினவற்றை ஒரு குட்டியானையில் ஏற்றி ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் வாங்குகிற கடைக்கு, கொண்டுபோனோம். கடைக்காரர் அறுபதை நெருங்கினவர். சாக்கைப் பார்த்த உடனே, "டீச்சர், இப்பிடிக் கலந்து கொண்டுவந்தா எனக்கும் கட்டாது, ஒங்களுக்கும் கட்டாது" என்றார். நான், "எப்படிப் பிரிக்கணும் அண்ணாச்சி? சொல்லித் தாங்க" என்று கேட்டேன். அவர் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்தார். குடிநீர்க் குப்பியின் ஓரத்தை வெட்டிப் போட்டார், மூழ்கியது. அதே குப்பியின் மூடியைப் போட்டார், மிதந்தது. "ரெண்டும் வேற வேற சாதனம். ஒண்ணா உருக்க முடியாது. அதுனாலதான் மூடியக் கழட்டச் சொல்றது."

அந்த ஒரு மக்குத் தண்ணீரில் நான் புரிந்துகொண்டதைப் பத்துப் பக்கம் படித்தாலும் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். குப்பியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணும் இதைத்தான் சொல்கிறது: 1 என்றால் பெட் (PET) என்கிற பிளாஸ்டிக், குடிநீர்க் குப்பிகள். 2 தடித்த பால்நிறக் கேன்களும் ஷாம்புக் குப்பிகளும். 4 பால் கவர். 5 ஹோட்டல் டப்பா, பல மூடிகள். பெட் தண்ணீரைவிடக் கனம், 2, 4, 5 மூன்றும் இலேசு.

பால் கவரை ஆக்கர் கடையில் வாங்கிக்கொள்வார்கள், கழுவிக் காய்ந்து இருந்தால். கழுவாத கவர் இரண்டு நாளில் நாறும். அவர் கடையில் எலி வரும். மைனி இப்போது கவரின் முனையை முழுக்க வெட்டி எடுக்காமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டுகிறார், அந்தச் சின்னத் துண்டு தனியாகப் போய் அங்கணக் குழியில் அடைக்காமல் இருக்க. ஒரு மக்குத் தண்ணீரில் அலசி, அலசின தண்ணீரைக் கறிவேப்பிலை மூட்டில் ஊற்றி, கவரை அசையில் (துணிக்கொடியில்) கிளிப் போட்டுக் காயப்போடுவார். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

நனைந்த அட்டைப்பெட்டியை அவர் எடுக்கவில்லை. அது எங்களுக்கு மட்கவைக்க ஆனது. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், சாஷே எதையும் எடுக்கவில்லை. உள்ளே அலுமினியப் பூச்சும் வேறு வேறு பிளாஸ்டிக் படலங்களும் ஒட்டிக் கிடப்பதால் பிரிக்க முடியாது. மெலமைன் தட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத வகை. கிடைத்த பணம் வண்டி வாடகைக்கும் அதற்கு மேல் கொஞ்சத்துக்கும் வந்தது. பழைய சாமானை விற்றுக் காசு பார்க்கலாம் என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாற்றம்தான்; இடம் கிடைக்கும், அவ்வளவே.

பித்தளை உருளி ஒன்றையும் அவர் விலை கேட்டார். அம்மா தரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஈயம் பூசி அது மறுபடி அடுப்பில் ஏறிவிட்டது.

அடுப்பும் ஈரமும்

எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் பின்பக்க அடுப்பில்தான். அந்த அடுப்பைப் பற்றவைக்க அம்மா பால் கவரையும் சிப்ஸ் கவரையும் பயன்படுத்திவந்தார். ஊரில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஒரு கவர் போட்டால் ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். கூடவே என்னென்ன எரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பழைய வயர் உறை, செருப்பு, பைப்புத் துண்டு போன்ற பிவிசி பொருள்கள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டையாக்சின் என்கிற நஞ்சும் வரும். அந்தச் சாம்பலைத்தான் பிறகு தென்னைக்கும் கீரைக்கும் போடுகிறோம். குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தது.

அம்மாவிடம் விதியைச் சொல்லிப் பயனில்லை, காரணத்தைக் கேட்டேன். "கொதும்பும் பன்னாடையும் இருந்தா நான் ஏன் மக்களே கவரத் தேடுறேன்? எல்லாம் நனஞ்சு கெடக்கு" என்றார். கொதும்பும் பன்னாடையும் தென்னையிலிருந்து விழுகிற காய்ந்த பாளையும் வலை போன்ற நாரும். ஏன் நனைந்து கிடக்கிறது? வைக்க இடமில்லை. ஏன் இடமில்லை? சாய்ப்பு முழுக்கக் குப்பியும் வாளியும். சாய்ப்பு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த ஓலையும் கதம்பையும் சிரட்டையும் வெளியே மழையில் கிடக்க, உள்ளே பிளாஸ்டிக் நனையாமல் இருந்திருக்கிறது.

விலகின ஓட்டைச் சரிசெய்து, சாய்ப்பின் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த கொதும்பு, பன்னாடை, மடல் அடுக்கினோம். அதற்குப் பிறகு கவர் அடுப்புக்குள் போவது தானாகவே நின்றுவிட்டது. இந்த முயற்சி முழுவதிலும் யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லாமல் நிலைத்த மாற்றம் இது ஒன்றே. மற்றவற்றுக்கெல்லாம் நான் ஞாயிறுதோறும் கேட்க வேண்டியிருந்தது.

கதம்பையில் மிஞ்சினதைத் தென்னைக்குக் கொடுத்தோம். மூட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் மூடினால் அது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொடுக்கும். ஒருமுறை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருடம் பயன் தரும் என்பது வேளாண்துறை பரிந்துரை.

சாக்கு

இது எங்கள் தோல்வி. மைனி ஆசையாக இருபது உரச்சாக்கில் மண் நிறைத்து இஞ்சியும் மஞ்சளும் நட்டார், 2023 கோடையில், காய்ச்சல் வருவதற்கு முன்பு. விளைச்சல் நன்றாகவே வந்தது. அறுவடை முடிந்து மறுபடி நடலாம் என்று 2024 தொடக்கத்தில் ஒரு சாக்கின் காதைப் பிடித்துத் தூக்கினார். காது கையோடு வந்துவிட்டது. அடுத்ததை விரலால் குத்தினால் அப்பளம் மாதிரி உடைந்தது. வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாக மண்ணெங்கும் உதிர்ந்து கிடந்தது. உரச்சாக்கு பாலிபுரோப்பிலீன் நாடாவில் நெய்தது. நேர் வெயில் தொடர்ந்து பட்டால் ஒரு வருடத்தில் இற்றுப்போய்விடும். நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கியும் எல்லாம் தீரவில்லை. இன்றும் கொத்தும்போது இஞ்சி வேரோடு வெள்ளை நூல் வருகிறது.

சாக்கைச் சாக்காகவே பயன்படுத்தினால், அதாவது தேங்காய் கட்ட, சருகு வார, நிழலில் வைத்து எடுக்க, பல வருடம் வரும். வெயிலில் மண் நிறைத்து வைத்ததுதான் தவறு. இப்போது மைனி பழைய வீட்டின் உடைந்த ஓடுகளை வரப்பாக நட்டு அதற்குள் இஞ்சி போடுகிறார். ஓடு சுட்ட மண். மண்ணில் உதிர்ந்தாலும் மண்தான்.

இதே விஷயம்தான் பைகளிலும். அந்தப் பெரிய பைக்குள் இருந்தவற்றில் பாதி நெய்த துணிப்பை. மற்றது துணி மாதிரி தெரிகிற நெய்யாத பை; அதுவும் பாலிபுரோப்பிலீன், மடிப்பில் பொடியாகிக் கொண்டிருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் நெய்யாத பையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் மாவட்டத்தில் அதற்குப் பல வருடம் முன்பே, ராஜேந்திர ரத்னு ஆட்சியராக இருந்த காலத்தில், பிளாஸ்டிக் பைக்கு எதிரான வேலை மும்முரமாக நடந்தது. பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலைகளும் போட்டார்கள். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு எங்கள் வீட்டு மஞ்சப்பை சாய்ப்பின் மூலையில் இருந்தது, அண்ணன் கடைக்குப் போவது முன்வாசல் வழியாக. நல்ல பைகளை எடுத்து பைக் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினோம். ஒன்று எப்போதும் பைக் பெட்டிக்குள் இருக்கும். மீன் வாங்கப் போகும்போது ஒரு மூடிபோட்ட டப்பா, அந்த ஹோட்டல் டப்பாக்களில் பெரியது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

சாய்ப்பில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக ஒரு பொருள் உள்ளே போகும்போது அது எதற்கு என்று அம்மா சொல்ல வேண்டும். சொன்னதைப் பையன் மார்க்கரில் அதன்மேல் எழுதுவான், மாதத்தோடு. "தேன் வைக்க, ஆவணி" என்று ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மொத்தமாக வாங்குகிற தேனைப் பிரித்து வைக்க அது ஆனது. கண்ணாடியைக் கழுவி வெயிலில் சொட்டு ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும், ஈரம் இருந்தால் தேன் புளித்துவிடும். ஆறு மாதத்தில் சொன்ன வேலைக்கு ஆகாத பொருள் ஆக்கர் கடைக்குப் போகும். அம்மாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. அவர் வைத்ததை நாங்கள் குறை சொல்கிறோம் என்று வருந்தினார். தொட்டில் சீலைத் துண்டை மைனி கத்தரித்து, மடித்துத் தைத்து, பையனின் புத்தகத்துக்கு நடுவில் வைக்கிற நாடாவாகக் கொடுத்த பிறகு அந்த வருத்தம் குறைந்தது.

வாளி, டயர், சிரட்டை எல்லாம் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. டயரைக் கவிழ்த்தாலும் உள்வளையத்தில் தண்ணீர் தங்கும். அதனால் அண்ணன் அதில் நான்கு துளை போட்டார், பிறகு அதுவும் வேண்டாமென்று கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜ் தட்டை மைனி வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துக் கழுவுகிறார். கொசுப்புழு அக்கா 2024 ஜூனிலும் நவம்பரிலும் வந்தபோது சாய்ப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. நவம்பரில் துளசி மாடத்தின் அடியில் இருந்த தட்டில் கிடைத்தது.

மிக்ஸியை ஒரு கடையில் கார்பன் மாற்றி ஓடவைத்தோம். குழல் பல்புகளில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் அட்டையில் பொதிந்து தனியே வைத்திருக்கிறோம். ரேடியோ அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை.

தூய்மைக் காவலர் வாரத்துக்கு ஒருமுறை வந்து சிப்ஸ் கவர் வகையறாக்களை எடுத்துப் போகிறார். மெலமைன் தட்டு ஆறும் கிழிந்த பாலியஸ்டர் மூட்டை ஒன்றும் மட்டும் நின்றுவிட்டன. போன வாரம் அம்மா போனில் கூப்பிட்டார். மழை வரும் போலிருக்கிறது, எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று என்றார். அப்புறம், "அந்தத் தட்ட என்ன மக்களே செய்யது? பேரு எழுத ஒண்ணும் தோணல்ல" என்று கேட்டார். எனக்கும் தோன்றவில்லை. ஆறும் சாய்ப்பின் உள்சுவரோரம், கொதும்புக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்து இருக்கின்றன.